கரும்பொருளை ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கும் மாணவர்களுக்கு என்ன சொல்வது?

உப்புவெளி ரீச்சர் கேட்டது:

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகிறேன். சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்த பின்னர், விருப்பமுள்ள பிள்ளைகள் அரை மணித்தியாலம் இருந்து பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளவற்றைப் பற்றிக் கேட்பது வழக்கம். சென்ற கிழமை நான் கரும்பொருளை, அதாவது கண்ணுக்கும் தொலைநோக்கிக்கும் புலப்படாமல் ஈர்ப்பினால் மட்டும் தன்னைக் காட்டுவதாகச் சொல்லப்படும் பொருளை, பற்றிப் பேசத் தொடங்கியதும், கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ரீச்சர், கணக்குப் பிழைச்சுப் போச்சு, அதை மறைக்கத்தானே இந்தக் கதை?" என்று கேட்டான். அவன் கேட்டதில் துடுக்கு இல்லை. யூரியூப்பில் பார்த்த ஒரு காணொளியை அவன் உண்மையாகவே யோசித்திருந்தான்.

அந்தக் காணொளியைப் பிறகு நானும் பார்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் ஒளி பரவுவதற்கு ஊடகமாக ஈதர் என்ற ஒன்றை நம்பினார்கள், 1887இல் மைக்கல்சனும் மோர்லியும் செய்த பரிசோதனைக்குப் பிறகு அது கைவிடப்பட்டது, கரும்பொருளும் அப்படியே போகும் என்பது அதன் தொடக்கம். பல பத்தாண்டுகளாகத் தேடியும் ஒரு துணிக்கைகூட அகப்படவில்லை என்பது அடுத்தது. முடிவில், 1935இல் பிரித்தானிய விண்ணியலாளர் எடிங்டன், விண்மீன்களை ஆராய்ந்த நம்முடைய சந்திரசேகரை எல்லார் முன்னிலையிலும் ஏளனம் செய்தாரே, அந்தப் பெரியவர்களின் ஒருமித்த கருத்தையா நம்பச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் உண்மை இருப்பதால்தான் எனக்குப் பதில் சொல்வது கடினமாக இருக்கிறது.

அன்று நான் சொன்னது, உலகத்தின் பெரும்பாலான விண்ணியலாளர்கள் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான். சொன்ன கணமே அது எடுபடவில்லை என்று பிள்ளைகளின் முகத்தில் தெரிந்தது. ஒரு மாணவி, "2012இல் சுனாமி அலை வருகுது என்று எல்லாரையும் ஓடச் சொன்னார்களாம், ஒன்றும் வரவில்லை என்று அம்மா சொல்லுவா" என்றாள். பேச்சு விண்மீன்களை விட்டு வேறெங்கோ போய்விட்டதை அப்போது உணர்ந்தேன். பெரியவர்கள் சொல்கிறார்கள் என்பதை ஆதாரமாகக் காட்டாமல், உயர்தரப் பௌதிகவியலின் எல்லைக்குள் நின்று, இந்தப் பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது?

நில அளவையாளர் (ஓய்வு) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் விண்ணியல் படித்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தில் காணி அளந்தவன். ஆனாலும் உங்கள் மாணவன் கேட்டது என் தொழிலில் ஒவ்வொரு நாளும் எதிர்ப்பட்ட கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

ஜீ.பி.எஸ். கருவிகள் எங்கள் கைக்கு வந்த புதிதில், டச்சுக்குடாக் கடற்கரையில் அலை காலைத் தொடும் இடத்தில் ஒன்றை வைத்து உயரம் பார்த்தேன். கடல் மட்டத்தில் நிற்கும் எனக்கு அது பூச்சியத்தை அண்டிய ஓர் எண்ணைக் காட்டும் என்று எதிர்பார்த்தேன். அது எதிர்க்குறியோடு 90 மீற்றருக்கும் கூடுதலான எண்ணைக் காட்டியது. கருவி பழுதென்று நினைத்து நிறுத்தி மீண்டும் இயக்கினேன். வேறு கருவி கொண்டு பார்த்தேன். எண் மாறவில்லை.

கருவியில் பிழை இல்லை என்பதைப் பிறகு படித்தறிந்தேன். செய்மதிகள் உயரத்தை அளப்பது, பூமிக்கென்று கணக்கில் வைத்துக்கொண்ட, துருவங்களில் சற்றே தட்டையான ஓர் ஒழுங்கான உருண்டையின் மேற்பரப்பிலிருந்து. உண்மையான கடலோ புவியீர்ப்பு எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்பதைப் பின்பற்றி ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் நிற்கிறது. உலகக் கடல்களில் இருக்கும் ஆகப்பெரிய பள்ளம் நமது இலங்கைக்குத் தெற்கே உள்ளது. அதன் நடுவில் கடல் மட்டம் அந்த ஒழுங்கான உருண்டையைவிட ஏறத்தாழ 106 மீற்றர் தாழ்ந்திருக்கிறது. நமது தீவு முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள்தான் கிடக்கிறது. கோணேசர் கோயில் மலையுச்சியில் நின்று கிழக்கே பார்க்கும்போது இதைக் கண்ணால் காண முடியாது. தண்ணீர் எங்கும் ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே படுத்திருப்பதால், கப்பல் அதற்குள் இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை.

இதை 1948இல் கப்பலில் ஈர்ப்புமானி வைத்து அளந்து முதலில் கண்டவர் ஒல்லாந்தைச் சேர்ந்த வெனிங் மைனெஸ். பள்ளம் இருப்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஏன் இருக்கிறது என்று கேட்டால் விடை அவ்வளவு இலகுவில் வராது. நமக்குக் கீழே, ஆழத்தில், எடை குறைந்த ஏதோ இருக்க வேண்டும். அது என்ன என்பதற்குப் பல விளக்கங்கள் வந்தன. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 2023இல், ஆபிரிக்காவுக்குக் கீழிருந்து எழும் சூடான, இலேசான பாறைக்குழம்புத் தாரைகளே காரணம் என்று கணினிக் கணிப்புக் கொண்டு காட்டினார்கள். அதையும் எல்லாரும் ஏற்கவில்லை. ஒருவரும் அங்கே தோண்டிப் பார்த்ததும் இல்லை, பார்க்கப் போவதும் இல்லை.

பிள்ளைகளிடம் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: காரணம் முற்றாகத் தெரியவில்லை என்பதற்காக, அந்தத் தொண்ணூறு மீற்றரை இல்லையென்று சொல்லலாமா? சொன்னால் நாளைக்கே என் அளவைப் படம் பிழைத்துவிடும். அளந்தெடுத்த எண் வேறு, அந்த எண்ணுக்குச் சொல்லும் காரணம் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டித் தருவதால்தான் காரணத்தில் ஐயம் வந்தவுடன் எண்ணையும் சேர்த்து எறிகிறார்கள் என்று நினைக்கிறேன்.

கரும்பொருளில் அளந்தெடுத்த எண் எது என்பதை உங்கள் பாடத்தைக் கொண்டே காட்டலாம். சூரியனைச் சுற்றும் புதன் செக்கனுக்கு ஏறத்தாழ 47 கிலோமீற்றர் ஓடுகிறது, பூமி 30, நெப்தியூன் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. தூரம் கூடக் கூட வேகம் குறைகிறது என்பதைப் பிள்ளைகள் நியூற்றனின் விதியைக் கொண்டு தாங்களே பெறுவார்கள். 1970இல் அமெரிக்க ஆய்வாளர்களான வேரா ரூபினும் கென்ற் போர்ட்டும், கோடிக்கணக்கான விண்மீன்களின் தொகுதியான அந்திரொமேடாக் கலக்ஸி சுழலும் வேகத்தை அளந்தபோது, வெளிச்சம் மங்கிப்போகும் ஓரங்களிலும் அந்த வேகம் எதிர்பார்த்தபடி விழவில்லை. செக்கனுக்கு 200 கிலோமீற்றர் அளவிலேயே நின்றது. அதுதான் நமது தொண்ணூறு மீற்றர். கரும்பொருள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

மூதூர் வாசகர் எழுதியது:

நில அளவையாளர் ஐயா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் பிரித்துப் பார்க்கச் சொன்ன அந்தக் காரணத்தின் மீதுதான் எனக்கு ஐயம் இருக்கிறது. காணொளிக்காரர்களைப் போல எல்லாம் சூழ்ச்சி என்று நான் சொல்ல வரவில்லை.

லெ வெரியே என்ற பிரெஞ்சுக்காரரின் கதையை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், ஆனால் பாதியோடு நிறுத்தாதீர்கள். யுரேனஸ் கணக்குப்படி ஓடவில்லை என்று கண்டு, காணாத ஒரு கோள் அதை இழுக்கிறது என்று அவர் கணித்துச் சொன்னார். 1846 செப்ரெம்பர் 23ஆம் திகதி இரவு பேர்லினில் காலே தொலைநோக்கியைத் திருப்பியபோது, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்தியூன் இருந்தது. கரும்பொருளை ஆதரிப்பவர்கள் இந்தப் பாதியைத்தான் சொல்வார்கள். அதே மனிதர் 1859இல், புதனின் பாதை நூற்றாண்டுக்குச் சில பத்து விகலைகள் (ஒரு விகலை பாகையின் 3600இல் ஒரு பங்கு) கூடுதலாகத் திரும்புவதைக் கண்டு, இங்கேயும் காணாத ஒரு கோள் உண்டு என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. அதைக் கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படி ஒரு கோள் இருக்கவில்லை. பிழை ஈர்ப்பு விதியிலேயே இருந்தது என்பதையும், அந்த 43 விகலைக்கான சரியான கணக்கையும் 1915இல் ஐன்ஸ்டைன் காட்டினார்.

ஒரே மனிதர், ஒரே முறை, ஒரு தடவை வெற்றி, ஒரு தடவை தோல்வி. கரும்பொருள் நெப்தியூனா வல்கனா என்பது இன்னும் தெரியாது. 1983இல் இஸ்ரேலைச் சேர்ந்த மில்குறோம், மிகச் சிறிய ஆர்முடுகல்களில் நியூற்றனின் விதியே மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் காணாத பொருளே தேவையில்லை என்று எழுதினார். ஒரேயொரு புதிய மாறிலியைக் கொண்டு எத்தனையோ கலக்ஸிகளின் சுழற்சி வேகத்தை அது சரியாகத் தருகிறது. கரும்பொருள் உண்மையென்றால், காணும் பொருள் எங்கே கூடுகிறதோ அதற்கேற்பவே இந்தக் காணாத பொருளும் ஒவ்வொரு கலக்ஸியிலும் ஏன் அவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கிறது என்பதற்கு நான் வாசித்தவற்றில் மனம் ஒப்பும் விடை இல்லை. அமெரிக்காவின் தென் டகோட்டாவில், பழைய தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில் பத்துத் தொன் திரவ செனொன் வாயுவைத் தொட்டியில் வைத்து, கரும்பொருள் துணிக்கை ஒன்று அதில் மோதுமா என்று காத்திருக்கிறார்கள். 2024இல் வெளியிட்ட 280 நாள் தரவிலும் ஒன்றும் அகப்படவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லாமல், அண்டத்தின் 27 வீதம் கரும்பொருள் என்று ஒரு வட்டப் படத்தைப் போட்டுக் கடந்துபோகிறார்கள். பிறகு ஒரு காணொளிக்காரர் வந்து "உங்களிடம் மறைத்தார்கள்" என்று சொல்லும்போது பிள்ளைகள் அவரை நம்புவதில் வியப்பில்லை.

கிண்ணியா, பௌதிகவியல் ஆய்வு மாணவி எழுதியது:

மூதூர் அண்ணா எழுதியதில் பெரும்பகுதி சரியானது. மில்குறோமின் கருத்தைப் பொருட்படுத்தாமல் விடுவது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் கலக்ஸிகளின் சுழற்சியோடு நின்றுவிட்டார். கரும்பொருள் பக்கம் என்னைச் சாய்த்தவை சுழற்சி வேகங்கள் அல்ல என்பதால், மற்றச் சான்றுகளைப் பற்றி எழுதுகிறேன்.

முதலாவது, கலக்ஸிகளின் கூட்டங்கள். வேரா ரூபினுக்கு நெடுங்காலம் முன்னரே, 1933இல், சுவிக்கி என்பவர் கோமாக் கூட்டத்தில் கலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து, காணும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இந்தக் கூட்டம் எப்போதோ சிதறிப்போயிருக்கும் என்றார். மில்குறோமின் விதியை இங்கே பயன்படுத்தினாலும் கணக்கு நேராவதில்லை. காணும் திணிவைப் போல ஏறத்தாழ இன்னொரு மடங்கு திணிவு பிறகும் தேவைப்படுகிறது. அதாவது காணாத பொருளே வேண்டாம் என்று புறப்பட்ட விதிக்கும் கூட்டங்களுக்குள் காணாத பொருள் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, புல்லற் கூட்டம் என்று சொல்லப்படும் ஒன்று. இதை வகுப்பில் படம் வரைந்தே காட்டலாம். ஏறத்தாழ 370 கோடி ஒளியாண்டு தொலைவில், இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்திருக்கின்றன. ஒரு கூட்டத்தின் சாதாரணப் பொருளில் பெரும்பங்கு விண்மீன்களில் இல்லை, அவற்றுக்கிடையே பரவிய சூடான வாயுவில் இருக்கிறது. இரண்டு வாயு முகில்களும் மோதி, உராய்ந்து, வேகம் இழந்து நடுவில் தங்கிவிட்டன. கலக்ஸிகளோ மோதாமல் இருபுறமும் விலகிப் போயின. இப்போது ஈர்ப்பு எங்கே கூடுதலாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னாலுள்ள கலக்ஸிகளின் ஒளி எங்கே வளைகிறது என்பதைக் கொண்டு அதை அளக்கலாம். காணும் பொருள் மட்டுமே ஈர்க்குமாயின், பொருள் மிகுந்த நடுவிலுள்ள வாயுவைச் சுற்றியே ஒளி கூடுதலாக வளைய வேண்டும். 2006இல் வெளியான அளவீட்டில், ஈர்ப்பு நடுவில் இல்லை, கலக்ஸிகளோடு இருபுறமும் போயிருந்தது. ஈர்ப்பு ஓரிடத்திலும் காணும் பொருளின் பெரும்பகுதி இன்னோரிடத்திலும் இருப்பதை, விதியை மட்டும் மாற்றி விளக்குவது மிகவும் சிரமம்.

அந்த வாயுவைக் காட்டியது எக்ஸ் கதிர்களைப் பார்க்கும் ஒரு விண்வெளித் தொலைநோக்கி. 1999இல் ஏவப்பட்ட அதன் பெயர் சந்திரா. சந்திரசேகரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. காணொளியில் சந்திரசேகரை இழுத்திருப்பதால் இதைச் சொல்ல விரும்புகிறேன். 1935 ஜனவரியில் இலண்டனில் எடிங்டன் அவரை ஏளனம் செய்தது உண்மை, அது இன்றும் மனதை வருத்துகிறது. ஆனால் அவர் பெரியவர்களை எதிர்த்தார் என்பதற்காக அவருடைய கருத்து நின்று நிலைக்கவில்லை. குளிர்ந்த விண்மீன் ஒன்று சூரியனின் திணிவைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் தன்னைத் தாங்க முடியாது என்ற கணக்கை எவரும் தாளும் பென்சிலும் எடுத்துச் செய்து பார்க்கலாம். செய்து பார்த்தவர்களுக்கு அதே விடை வந்தது. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மில்குறோமும் அப்படித்தான், பிழையென்றால் பிழையென்று காட்டக்கூடிய ஓர் எண்ணை முன்வைத்தார். உங்கள் மாணவன் பார்த்த காணொளியில் அப்படி ஓர் எண் இருந்ததா என்று அவனிடமே கேட்டுப் பாருங்கள், ரீச்சர்.

மூன்றாவது சான்றை உயர்தர வகுப்பில் முழுமையாக விளக்க முடியாது. அண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சி, அண்டம் முழுவதும் 2.7 கெல்வினில் பரவியிருக்கும் பழைய கதிர்வீச்சில் காணப்படும் மிகச் சிறிய வெப்பநிலை ஏற்றத்தாழ்வுகள், சாதாரணப் பொருளுக்கும் ஒளியோடு தொடர்பில்லாத பொருளுக்கும் உள்ள விகிதத்தைத் தருகின்றன. அது ஒன்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் கூடுதல். கலக்ஸிகளின் சுழற்சியை ஒருவர் ஒருபோதும் அளந்திருக்காவிட்டாலும் இந்த எண் இப்படியே வந்திருக்கும். அண்ணா குறிப்பிட்ட 27 வீத வட்டப் படம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் போடுவது பிழை என்பதில் அவரோடு உடன்படுகிறேன்.

செனொன் தொட்டியில் ஒன்றும் அகப்படாதது பற்றியும் ஒளிவில்லாமல் சொல்ல வேண்டும். நியூத்திரினோ என்ற நுண்ணிய துணிக்கை இருக்க வேண்டும் என்று பௌதிகவியலாளர் பவுலி 1930இல் சொன்னார், 1956இல்தான் அது பிடிபட்டது என்று ஆறுதல் சொல்வது வழக்கம். அது ஒரு நல்ல உதாரணம், ஆனால் உத்தரவாதம் இல்லை. கரும்பொருள் ஈர்ப்பைத் தவிர வேறு எந்த விதத்திலும் நம்மோடு தொடர்பு கொள்ளாததாக இருந்தால், எந்தத் தொட்டியிலும் அது ஒருநாளும் அகப்படாது. என் துறையில் உள்ளவர்களை இரவில் உறங்கவிடாத எண்ணம் அதுதான், அதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை.

கரைவலைக்காரர் மகன் எழுதியது:

விண்ணியலைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மாணவி 2012ஐப் பற்றிச் சொன்னதை வாசித்ததால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, நிலாவெளிக் கரையில் எங்கள் வலை கிடந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. சுமாத்திராவில் நிலம் நடுங்கி அலை எங்களிடம் வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எங்களுக்கு ஒரு சொல் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் ஓடச் சொன்னபோது, அப்பா அடுப்பில் இருந்த சோற்றையும் விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு ஓடினார். இரவு திரும்பி வந்தோம். அலை வரவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த அறிவித்தலையும் அரை மனதோடுதான் கேட்பார்.

2012இல் அலை ஏன் வரவில்லை என்பதை நான் பல ஆண்டுகள் கழித்து, வேறு ஏதோ தேடும்போது வாசித்தேன். அதுவும் 8.6 அளவான பெரிய நடுக்கந்தான். ஆனால் 2004இல் கடலடி நிலம் மேலெழும்பித் தண்ணீரைத் தூக்கியது. 2012இல் நிலம் பெரும்பாலும் பக்கவாட்டில் விலகியது, தண்ணீர் பெரிதாக மேலெழவில்லை. நடுக்கம் நடந்த சில நிமிடங்களில் அதை உறுதியாக அறிய முடியாது, ஆகவே ஓடச் சொன்னது சரி. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை அண்டைக்கே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். எங்களை ஓடச் சொன்னவர்கள் எவரும் திரும்பி வந்து அதை எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த மாணவியின் அம்மாவுக்கும் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ரீச்சர் இதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கலக்ஸிகளுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன்.

2019ஆம் ஆண்டும் அதே டிசம்பர் 26ஆம் திகதிதான் சூரிய கிரகணம் வந்தது. அப்பா காலையில் நினைவு விளக்கு ஏற்றிவிட்டு, ஒன்பதரை மணியளவில் எங்களோடு முற்றத்தில் நின்று, சொன்ன நேரத்தில் வெயில் மங்கியதைப் பார்த்தார்.

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கரைவலைக்காரர் மகன் சொன்னபடி, வருகிற சனிக்கிழமை 2012இலிருந்துதான் தொடங்கப் போகிறேன். அதன் பிறகு கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அளந்தவை, மறுபக்கம் அவற்றுக்குச் சொல்லும் காரணங்கள் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்வேன். வல்கனும் மில்குறோமும் கட்டாயம் இடம்பெறுவார்கள்.

நில அளவையாளர் ஐயாவிடம் ஒரு சிறிய சந்தேகம். நேற்று மாலை டச்சுக்குடாவில் என் கைபேசியில் உயரம் பார்த்தேன். அது 3 மீற்றர் என்று காட்டியது. என் தம்பியின் கைபேசி எதிர்க்குறியோடு 91 என்று காட்டியது. இரண்டும் ஒரே மதிலின் மேல் இருந்தன. பிள்ளைகள் முன்னிலையில் இப்படி நடந்தால் என்ன சொல்வது?

நில அளவையாளர் (ஓய்வு) எழுதியது:

இரண்டும் சரியாகவே காட்டியிருக்கின்றன. சில கைபேசிகளும் செயலிகளும் அந்தப் பள்ளத்துக்கான திருத்தத்தைத் தாங்களே செய்து கடல் மட்டத்திலிருந்து உயரத்தைக் காட்டும். சில திருத்தாமல் ஒழுங்கான உருண்டையிலிருந்து காட்டும். ஒரு கைபேசியை மட்டும் கொண்டு போனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது, இரண்டு வகையும் இருக்கட்டும். வித்தியாசத்தை அவர்களே கழித்துப் பார்த்து, அது எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். வானம் மறைக்காத இடத்தில் ஐந்து நிமிடமாவது அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எண் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். திருத்தத்தைப் போடவும் எடுக்கவும் கூடிய பழைய கைக்கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை நாலரை மணிக்கு அதை எடுத்துக்கொண்டு டச்சுக்குடாவுக்கு வந்துவிடுகிறேன்.